ப்ராஜெக்ட் அட்டவணை: சால்வரிடமா, பேசிக்கொள்ளும் ஏஜென்ட்களிடமா?

திங்கட்கிழமை காலையில் போட்ட அட்டவணை புதன்கிழமை மதியத்துக்குள் பொய்யாகிவிடும். ப்ராஜெக்ட் ஷெட்யூல் பார்க்கிற வேலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஒருவருக்குக் காய்ச்சல். ஒரு பொருள் வந்து சேரவில்லை. "ரெண்டே நாள்" என்று சொன்ன வேலை ஐந்தாவது நாளும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அட்டவணையை ஒருமுறை போட்டுவிடலாம். அதைத் தினமும் உயிரோடு வைத்திருப்பதில்தான் ஆள் தேய்ந்துபோகிறோம்.

அந்தப் பாட்டை மென்பொருள் ஏஜென்ட்களிடம் விட்டுவிடலாம் என்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும், சில அமைப்புகளில் ஒவ்வொரு ஆளுக்கும், ஒரு ஏஜென்ட். அவை தங்களுக்குள் பேசி, பேரம் பேசி, விட்டுக்கொடுத்துத் தேதிகளை மாற்றிக்கொள்ளும். நாம் மீட்டிங்கில் உட்கார வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் குழுவும் இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. கையில் இருந்த வழிகள் நான்கு: இருக்கிறபடியே ஒரு ஆளும் ஒரு எக்செல்லும், எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் கொட்டிக் கணக்குப் போடும் சால்வர், விதிப்படி பேரம் பேசும் ஏஜென்ட்கள், சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருப்பது போன்ற பெரிய மொழி மாதிரிகளை வைத்து ஓடும் புதுவகை ஏஜென்ட்கள். நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடலாம். ப்ராஜெக்ட் எவ்வளவு பெரியது என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். தகவல் யார் கையில் இருக்கிறது, தேதிக்கு வாக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள்.

ஒரு ஆளும் ஒரு எக்செல்லும்

இதைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஃபேஷன். ஆனால் நல்ல ஷெட்யூலர் ஒருவரின் தலையில் இருப்பது எந்த மென்பொருளிலும் இல்லை. யாருடைய "ரெண்டு நாள்" உண்மையில் நான்கு நாள், யாருடைய "ஒரு வாரம்" மூன்று நாளில் முடியும், எந்த இரண்டு பேரை ஒரே வேலையில் போட்டால் இரண்டுமே கெடும், எல்லாம் அவருக்குத் தெரியும்.

அவர் தடுமாறுவது எண்ணிக்கையில். ஐந்து குழுக்கள் இருந்தால் அவற்றுக்கிடையே 10 ஜோடி உறவுகள். பன்னிரண்டு குழுக்கள் என்றால் 66. ஒவ்வொரு ஜோடியிலும் "நீ முடித்தால்தான் நான் தொடங்க முடியும்" என்று ஏதாவது ஒன்று இருக்கும். அப்புறம், மனிதக் கண்ணை ஏமாற்றும் ஒரு கணக்கு உண்டு. ஐந்து வேலைகள் தனித்தனியாக நடந்து ஒரே மைல்ஸ்டோனில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80 சதவீத வாய்ப்பு. மைல்ஸ்டோன் நேரத்துக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு? எல்லாரும் "80 இருக்கும், கொஞ்சம் குறையலாம்" என்பார்கள். ஒன்றின் தாமதம் இன்னொன்றைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டால், 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது 33 சதவீதம். எக்செல் கட்டங்களில் இது கண்ணில் படாது. எல்லாக் கட்டமும் பச்சையாகவே இருக்கும்.

இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்த ஆள் லீவு போட்டால் அட்டவணையும் லீவு போடும்.

எல்லாவற்றையும் ஒரே தலையில் போடும் சால்வர்

கணக்குப் போட்டு அட்டவணை தயாரிக்கும் பழக்கத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. டியூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் 1950-களின் இறுதியில் க்ரிட்டிகல் பாத் முறையை உருவாக்கினார்கள். அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற திட்டமிடும் முறை வந்தது. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்த ப்ராஜெக்ட்டும் ஒரு நாள் தள்ளும் என்று இந்த முறைகள் காட்டிக்கொடுத்தன. ஆனால் க்ரிட்டிகல் பாத் கணக்கு, வேலை செய்ய ஆட்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே டெஸ்டர் ஒரே நேரத்தில் மூன்று வேலையில் இருக்க முடியாது என்பது அதற்குத் தெரியாது.

ஆள் பற்றாக்குறையைச் சேர்த்தவுடன் கணக்கு வேறு ஜாதியாகிவிடுகிறது. பிளாஜெவிச், லென்ஸ்ட்ரா, ரின்னூய் கான் மூவரும் 1983இலேயே இது என்.பி.-கடினம் என்று காட்டிவிட்டார்கள். அதாவது வேலைகள் கூடக் கூட, மிகச் சிறந்த அட்டவணையைத் தேடும் உழைப்பு கட்டுக்கடங்காமல் ஏறலாம். இந்தத் துறையில் எல்லாரும் தங்கள் முறையைச் சோதித்துப் பார்க்கும் பிஎஸ்பிலிப் என்ற தொகுப்பு 1990-களின் நடுவில் வந்தது. அதில் 30 வேலைகள் கொண்ட கணக்குகள் 480. அவை எல்லாவற்றுக்கும் மிகச் சிறந்த விடை தெரிந்துவிட்டது. 60 வேலைகள் கொண்ட தொகுப்பிலோ சில கணக்குகள் பல வருடங்கள் நிரூபணம் இல்லாமலே கிடந்தன. வெறும் 60 வேலை!

இதைக் கேட்டுப் பயந்துதான் பலர் "ஒரே மூளை தாங்காது, ஏஜென்ட்களுக்குப் பிரித்துக்கொடுப்போம்" என்று கிளம்புகிறார்கள். இது தவறான காரணம். மிகச் சிறந்தது என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். நல்ல அட்டவணை ஒன்றைக் கண்டுபிடிப்பது இன்று பெரும்பாலும் சில நொடி வேலை. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் வரும் சிபி-சாட் சால்வர் இலவசம்; எங்கள் 140 வேலைகளை அதில் போட்டபோது டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. ஒரு கடினமான கணக்கைப் பத்து ஏஜென்ட்களுக்குப் பிரித்துக்கொடுத்தால் அது எளிதாகிவிடாது. கணக்கின் கடினம் அப்படியே இருக்கும். அதன்மேல் பேச்சுவார்த்தைச் செலவும் சேரும்.

சால்வரிடம் எங்களுக்கு வந்த தலைவலி வேறு இரண்டு. முதலாவது அதன் பதற்றம். ஒரு வேலை ஒரு நாள் தள்ளியது என்று சொன்னால், அது மொத்த அட்டவணையையும் புதிதாகப் போட்டு, அறுபது வேலைகளின் தேதியை மாற்றி, முடிவில் அரை நாள் மிச்சம் பிடித்துக்கொடுக்கும். கணக்கு சரி. ஆனால் அந்த அறுபது வேலைக்காரர்களும் மறுநாளிலிருந்து அட்டவணையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். இதற்கு மருந்து உண்டு: ஏற்கெனவே சொன்ன தேதியை மாற்றினால் அபராதம் என்று கணக்கிலேயே சேர்த்துவிடலாம். நாங்கள் சேர்த்த பிறகு அறுபது மாற்றம் ஏழாகக் குறைந்தது.

இரண்டாவது தலைவலிக்கு மருந்து இல்லை. சால்வருக்கு எல்லாம் தெரிய வேண்டும். ஒவ்வொருவரின் லீவு, ஒவ்வொருவரின் மற்ற ப்ராஜெக்ட், ஒவ்வொரு வேலையிலும் இன்னும் மீதி எவ்வளவு. எங்கள் சொந்தக் குழுக்களிடமிருந்து இதை வாங்கிவிட்டோம், முணுமுணுப்போடு. வெளியிலிருந்து பாகங்கள் கொடுக்கும் சப்ளையரிடம் "உங்கள் ஆட்கள் எந்தெந்த வாடிக்கையாளருக்கு என்றைக்கு வேலை செய்கிறார்கள், மொத்தமாக அனுப்புங்கள்" என்று கேட்டால் அனுப்புவாரா? அனுப்பமாட்டார். அனுப்பக்கூடாது. அங்கேதான் ஏஜென்ட்களுக்கு நியாயமான ஓர் இடம் பிறக்கிறது.

பேரம் பேசும் ஏஜென்ட்கள், கிட்டே போய்ப் பார்த்தால்

இந்த வகை ஏஜென்ட்களின் பேச்சுமுறை பெரும்பாலும் ரீட் ஸ்மித் 1980இல் வெளியிட்ட கான்ட்ராக்ட் நெட் விதிமுறையிலிருந்து வருகிறது. டெண்டர் விடுவது மாதிரிதான். வேலை வைத்திருக்கும் ஏஜென்ட் அறிவிப்புக் கொடுக்கும். செய்ய முடிந்தவை விண்ணப்பிக்கும். அறிவித்தது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஏஜென்ட்களுக்கான பொது விதிகளை வகுக்க 1996இல் தொடங்கிய ஃபிபா அமைப்பு இதைப் பின்னர் தரப்படுத்தியது. ஜாவாவில் எழுதப்பட்ட ஜேட் போன்ற கட்டமைப்புகளில் இது தயாராகவே கிடைக்கும்.

எங்கள் சோதனையில் நடந்த ஒரு பேரத்தை அப்படியே தருகிறேன். தேதிகளுக்குப் பதில் வேலை நாள் எண்கள். ஒரு டெஸ்டருக்கு உடம்பு சரியில்லை. அவருடைய வேலையை ஒருங்கிணைப்பு ஏஜென்ட் அறிவிக்கிறது: "பணம் செலுத்தும் பகுதிக்கு டெஸ்டிங். மூன்று நாள் வேலை. 18ஆம் நாள் மாலைக்குள் முடிய வேண்டும். பத்து நிமிடத்தில் பதில்."

முதல் டெஸ்டரின் ஏஜென்ட்: "14இல் தொடங்கி 16இல் முடிப்பேன். கையில் இருக்கும் ரிப்போர்ட் மூன்று நாள் தள்ளும்."

இரண்டாவது டெஸ்டரின் ஏஜென்ட்: "இந்தப் பகுதி எனக்குப் புதிது, ஐந்து நாள் ஆகும். 15இல் தொடங்கி 19இல் முடிப்பேன். என் பக்கம் எதுவும் தள்ளாது."

ஒருங்கிணைப்பு ஏஜென்ட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 18 என்று கேட்டது, 16 என்று சொன்னவருக்கே வேலையைக் கொடுத்தது. ரிப்போர்ட் மூன்று நாள் தள்ளியது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஆவணக் குழுவின் ஏஜென்ட் தன் வேலையை மறுபடி அறிவித்தது. அதை எடுத்துக்கொண்டவரின் பழைய வேலை தள்ளியது. இப்படி நான்கு சுற்று. எல்லா ஏஜென்ட்டும் தன் அளவில் மிகச் சரியாக நடந்துகொண்டது, வாழ்த்துகள். அதே நிலைமையைச் சால்வரில் போட்டோம். 19ஆம் நாள் காலையில் வைத்திருந்த ரிலீஸ் ஒத்திகைக்கு மூன்று நாள் இடைவெளி இருந்தது. அதை 20-க்குத் தள்ளிவிட்டு இரண்டாவது டெஸ்டரிடம் வேலையைக் கொடுத்தது சால்வர். வேறு எதையும் தொடவில்லை.

ஏஜென்ட் ஏன் இதைப் பார்க்கவில்லை? 18 என்பது கல்லில் செதுக்கியதா, களிமண்ணில் எழுதியதா என்று அறிவிப்பில் இல்லை. விண்ணப்பித்தவர்களுக்கு ஒத்திகையைப் பற்றியே தெரியாது. அறிவிப்பை எழுதிய நேரத்திலேயே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. இந்த வகையில் முதலில் கைவைக்க வேண்டியது இங்கேதான்: அறிவிப்பில் ஒற்றைத் தேதி போடாமல், "18 நல்லது, 20 வரை தாங்கும், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் இவ்வளவு வலி" என்று எழுத வேண்டும். எழுதிய பிறகு எங்கள் பேரங்கள் எவ்வளவோ நிதானமாயின. ஆனாலும் ஒரே மூளை காணும் மொத்தப் படத்தை அவை எட்டவில்லை.

ஏஜென்ட்கள் கூட்டாகச் சேர்ந்து மிகச் சிறந்த விடையையே எட்டும் முறைகளும் இருக்கின்றன. மோடி, ஷென், டாம்பே, யோக்கோ நால்வரும் 2005இல் வெளியிட்ட அடாப்ட் அவற்றில் பெயர்பெற்றது. மீட்டிங் நேரம் குறிப்பது போன்ற கணக்குகள் இதற்கு வழக்கமான உதாரணம். சிக்கல் என்னவென்றால், மோசமான நிலையில் ஏஜென்ட்களிடையே போகும் செய்திகளின் எண்ணிக்கை அடுக்கடுக்காகப் பெருகும். தகவலை மறைத்துக்கொண்டே சிறந்த விடை வேண்டுமென்றால் அதற்கு விலை இருக்கிறது.

அப்புறம் பொய். மனிதர்கள் தேதியில் பஃபர், அதாவது கைவசம் சில உபரி நாட்கள், சேர்ப்பார்கள். அவர்களுக்காகப் பேசும் ஏஜென்ட்டும் சேர்க்கும், கற்றுக்கொள்ளும் வகையாக இருந்தால் இன்னும் நன்றாகவே சேர்க்கும். "உண்மை சொல்வதே லாபம்" என்று விதியை அமைக்க முடியும் என்று வில்லியம் விக்ரி 1961இல் ஏலங்களைப் பற்றி எழுதினார்: அதிகம் கேட்டவர் ஜெயிக்கட்டும், ஆனால் இரண்டாவது ஆள் கேட்ட விலையைக் கொடுக்கட்டும். அழகான யோசனை. அதை அலுவலகத்துக்குள் கொண்டுவர எங்களில் ஒருவர் ஆசைப்பட்டார். பணத்துக்குப் பதில் ஒவ்வொரு குழுவுக்கும் மாதம் நூறு புள்ளி. மூன்றாவது வாரத்தில் எல்லாரிடமும் புள்ளி மிஞ்சிக் கிடந்தது, வாங்க ஆளில்லை. செலவழித்தால் வலிக்காத பணம் உண்மையை வரவழைக்காது. நிஜப் பணம் கைமாறும் இடத்தில், அதாவது தனித்தனி நிறுவனங்களுக்கிடையே, இந்த முறைக்கு உயிர் உண்டு. ஒரே நிறுவனத்துக்குள் கிடையாது என்பது என் கருத்து.

ஒரு பழைய கதை, இன்னும் பழசாகாதது

தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் 2000ஆம் ஆண்டு எலெக்ட்ரிக் எல்வ்ஸ் என்று ஓர் அமைப்பை ஓட்டினார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஃப்ரைடே என்ற ஏஜென்ட். மீட்டிங் நேரத்தை மாற்றுவது, யார் பேசுவது என்று முடிவு செய்வது எல்லாம் ஏஜென்ட்கள் பொறுப்பு. ஆய்வுக்கூடப் பொம்மையாக வைக்காமல், தங்கள் அன்றாட வேலையையே அதனிடம் கொடுத்தார்கள் என்பதால் அவர்களுடைய அனுபவம் மதிப்புள்ளது.

நடந்தவற்றை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். குழுவில் ஒருவரான மிலிந்த் டாம்பேயின் ஏஜென்ட், அவருடைய மேலதிகாரியுடனான மீட்டிங்கைத் தானாகவே ரத்து செய்தது. அவருக்கு விருப்பமே இல்லாத ஒரு உரைக்கு அவர் பெயரைக் கொடுத்துவிட்டது. ஆளிடமிருந்து பதில் வராமல் நேரம் முடிந்ததால், இன்னொரு ஏஜென்ட் வாராந்தரக் கூட்டத்தையே ரத்து செய்தது. வேறொன்று ஒரு மீட்டிங்கை ஐந்து ஐந்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டே போனது, ஏறக்குறைய ஐம்பது முறை.

கடைசி உதாரணத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஐந்து நிமிடத் தாமதம் என்ற ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. ஐம்பதையும் சேர்த்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். தான் நேற்று என்ன செய்தோம், அதற்கு முன் என்ன செய்தோம் என்று கணக்கு வைக்காத ஏஜென்ட், எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், இப்படித்தான் மாட்டும். அந்த ஆய்வாளர்கள் பின்னர் ஏஜென்ட்டின் தன்னிச்சையைச் சூழ்நிலைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வழிக்குப் போனார்கள்: எப்போது தானே முடிவெடுப்பது, எப்போது ஆளிடம் விடுவது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையே ஒரு கணக்காக்கினார்கள். விற்பனைக்கு வருகிற ஏஜென்ட் மென்பொருள் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: பதில் வராவிட்டால் உங்கள் ஏஜென்ட் என்ன செய்யும்?

மொழி மாதிரி ஏஜென்ட்கள்

விதிப்படி பேரம் பேசும் ஏஜென்ட்களிடம் நீங்கள் படிவத்தில்தான் பேச முடியும். இவற்றிடம் மனித மொழியிலேயே பேசலாம். மெயிலைப் படிக்கும், சாட்டில் கேட்கும், மீட்டிங் குறிப்பிலிருந்து தேதியைப் பிடுங்கும். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி, ஏஜென்ட்டை கேலண்டர் போன்ற கருவிகளோடு இணைக்கும் பொது வழியைக் கொடுத்தது. கூகுள் 2025 ஏப்ரலில் அறிவித்த ஏடூஏ, ஏஜென்ட்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கானது. கம்பி இழுக்கும் வேலை குறைந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

திட்டமிடும் வேலையை இவற்றின் தலையிலேயே கட்டலாமா? 2024இல் டிராவல்பிளானர் என்ற சோதனையில், பல நாள் பயணத்தைப் பட்ஜெட் முதலிய கட்டுப்பாடுகள் எல்லாவற்றுக்கும் உட்பட்டுத் திட்டமிடச் சொன்னபோது ஓபன்ஏஐயின் ஜிபிடி-4 மாதிரி முழுமையாகத் தேறியது 0.6 சதவீதம். அதன் பிறகு மாதிரிகள் நிறைய முன்னேறியிருக்கின்றன. அந்த எண்ணை இன்றைய மாதிரிகள் தலையில் சுமத்த மாட்டேன். ஆனால் தேதியும் ஆளும் மோதாமல் அடுக்குவது சால்வருக்குக் கைவந்த கலை, அதை ஏன் அரைகுறையாகச் செய்பவரிடம் கொடுக்க வேண்டும்? இதோடு இன்னொரு பெருக்கல் கணக்கு: ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக இருந்தால், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் படி போனபின் எல்லாமே சரியாக இருக்க வாய்ப்பு 60 சதவீதம். ஏஜென்ட் ஏஜென்ட்டிடம் சொல்லி, அது இன்னொன்றிடம் சொல்லும் சங்கிலியில் பத்துப் படி எளிதாக வரும்.

எங்களுக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். வெளி சப்ளையர் ஒருவரின் பொறியாளரிடம், பாகங்கள் எப்போது வரும் என்று எங்கள் ஏஜென்ட் மெயிலில் கேட்டது. அவர் எழுதிய பதில் ஒரே வரி: "வியாழக்கிழமை பார்க்கலாம்." ஏஜென்ட் அதை வியாழன் உறுதி என்று பதிந்தது. அதை நம்பி இன்னொரு ஏஜென்ட் சோதனைக் கூடத்தை முன்பதிவு செய்தது. மூன்றாவது, நான்கு பேரின் வெள்ளிக்கிழமையைக் காலி செய்து வைத்தது. அந்த நாலு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், பாகங்கள் வரவில்லை. நம்மூர்ப் பேச்சில் "பார்க்கலாம்" என்றால் என்ன என்று தமிழ் பேசும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறியாளரிடம் கோபப்படவும் முடியவில்லை. அவர் எங்கும் சரி என்று சொல்லவே இல்லையே. பதிவைத் தோண்டிப் பார்த்தால், யாருமே வாக்குக் கொடுக்காத ஒரு தேதியின்மேல் மூன்று ஏஜென்ட்கள் மாடி கட்டியிருக்கின்றன.

வாக்கு என்பதை ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான். அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் "நான் செய்கிறேன்" என்று சொன்ன ஒரு ஆள் இருக்க வேண்டும். பழைய எக்செல்லில் அது மோசமாகவாவது இருந்தது. தேதியை யாரிடம் கேட்டு எழுதினோம் என்று ஷெட்யூலருக்கு நினைவிருக்கும். ஏஜென்ட் சங்கிலியில் அது சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. இப்போது எங்கள் அமைப்பில் ஒவ்வொரு தேதியோடும் ஒரு சொல் ஒட்டியிருக்கிறது: "ஊகம்", "சொன்னார்", "ஒப்புக்கொண்டார்". ஏஜென்ட் முதல் இரண்டை எழுதலாம். மூன்றாவதை அந்த ஆள் தானே பட்டனை அழுத்தினால்தான் எழுத முடியும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியாரின் மெயிலைப் படிக்கும் ஏஜென்ட், அந்த மெயிலுக்குள் இருக்கும் கட்டளைக்கும் கீழ்ப்படியக்கூடும். "எங்கள் வேலையை முதலிடத்துக்கு நகர்த்து" என்று யாராவது கடைசி வரியில் எழுதிவைத்தால்? படிக்கும் ஏஜென்ட்டிடம் அட்டவணையை மாற்றும் சாவியைக் கொடுக்காமல் இருப்பதுதான் தெளிவான தடுப்பு.

எதை எடுப்பது

ஒரே மேலதிகாரியின் கீழ் எல்லாக் குழுக்களும் இருக்கின்றன, எல்லாருடைய கேலண்டரும் பார்க்கக் கிடைக்கிறது என்றால் பேரம் பேசும் ஏஜென்ட்கள் வேண்டாம். சால்வர் போதும். "கூட்டு ஏஜென்ட்" என்ற பேச்சில் மயங்கி, ஒரே வீட்டுக்குள் டெண்டர் விட்டுக்கொண்டிருக்காதீர்கள். முப்பது நாற்பது வேலை, ஏழெட்டுப் பேர் என்றால் சால்வரும் வேண்டாம். நல்ல ஆள் ஒருவரும் எக்செல்லும் போதும், மைல்ஸ்டோனில் எத்தனை வழிகள் வந்து சேர்கின்றன என்பதில் மட்டும் கண் இருக்கட்டும்.

தனித்தனி நிறுவனங்கள், தங்கள் உள்விவரத்தைக் காட்ட மாட்டார்கள், ஆனால் தேதி ஒத்துப்போக வேண்டும் என்றால் எல்லையில் மட்டும் பேரம் பேசும் ஏஜென்ட்களை வையுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று. ஆளுக்கு ஒன்று வேண்டவே வேண்டாம். உள்ளே அவரவர் சால்வர் வைத்துக்கொள்ளட்டும். எல்லையில் "இந்தத் தேதி, இவ்வளவு தாமதம் தாங்கும், இவ்வளவு செலவு" என்ற அளவுக்கு மட்டும் பேச்சு. மாற்றங்கள் நிமிடத்துக்கு நிமிடம் வரும் இடங்களிலும், மையத்தோடு தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் இடங்களிலும் இதே வழிக்கு நியாயம் உண்டு. வாரம் இரண்டு முறை மாறும் ப்ராஜெக்ட் அட்டவணைக்கு அந்த வேகம் தேவையில்லை.

மொழி மாதிரி ஏஜென்ட் எந்த நிலையிலும் உதவும், ஆனால் காதாகவும் வாயாகவும் மட்டும். "எவ்வளவு முடிந்தது?" என்று இருபது பேரிடம் சலிக்காமல் கேட்பது, பதிலைச் சால்வர் புரிந்துகொள்ளும் எண்ணாக்குவது, சால்வர் மாற்றிய ஏழு தேதியை ஏழு பேருக்கும் காரணத்தோடு விளக்குவது. முன்பு எங்கள் ஷெட்யூலரின் வாரத்தில் ஒன்றரை நாளை இந்தத் தூது வேலையே தின்றுகொண்டிருந்தது. அது இப்போது மிச்சம். அந்த நேரத்தை அவர் யாருடைய "ரெண்டு நாள்" எத்தனை நாள் என்று சால்வருக்குச் சொல்லித்தருவதில் போடுகிறார்.

நாங்கள் எடுத்தது இந்தக் கலவைதான்: உள்ளே சால்வர், கேட்கவும் சொல்லவும் மொழி மாதிரி, சப்ளையரோடு மட்டும் விதிப்படி பேரம். முதல் ஆறு வாரம் ஏஜென்ட்களுக்கு எந்த உரிமையும் கொடுக்கவில்லை. அவை என்ன செய்திருக்கும் என்று மட்டும் பதிவில் எழுதவைத்தோம், ஷெட்யூலர் வழக்கம்போல் கையால் செய்தார். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வேறுபட்ட இடங்களை மட்டும் அரை மணி நேரம் பார்த்தோம். பதில் வராமல் நேரம் முடிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே விதி: எதையும் மாற்றாதே, ஆளுக்குப் போன் போடு. நான்காவது வாரத்தில் ஒரு ஏஜென்ட் ஒரே மீட்டிங்கை மூன்றாவது முறை தள்ள அனுமதி கேட்டது. ஷெட்யூலர் அதை நிறுத்திவிட்டு அந்த இரண்டு பேரையும் நேரில் கூப்பிட்டார். மீட்டிங்கே தேவையில்லை என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.